பெயர் அப்படியே, வாத்தியங்கள்தான் குறைந்தன: கேட் ஸ்டீவன்ஸின் தொடக்க ஆண்டுகள்

1967 மார்ச்சில் வந்த ஓர் இசைத்தட்டையும் 1970 நவம்பரில் வந்த இன்னொன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால், இரண்டிலும் பாடுவது ஒரே ஆள்தான் என்று நம்பக் கொஞ்ச நேரம் பிடிக்கும். முதல் தட்டான 'மேத்யூ அண்ட் சன்'னில் ட்ரம்பெட்டுகள் முழங்குகின்றன, வயலின் கூட்டம் வரிக்கு வரி பதில் சொல்கிறது, அந்தச் சத்தத்துக்கு மேலே ஏறி நிற்க 18 வயதுப் பையன் குரலை உயர்த்திக்கொண்டே போகிறான். இரண்டாவதான 'டீ ஃபார் த டில்லர்மே'னில் இரண்டு கிதார்களுக்கு நடுவே ஒரு தடித்த குரல், கேட்பவரின் காதருகே உட்கார்ந்து பேசுவதுபோல் பாடுகிறது. இரண்டு உறைகளிலும் இருக்கும் பெயர் ஒன்றுதான்: கேட் ஸ்டீவன்ஸ்.

இந்த மாற்றத்தை விளக்க வழக்கமாக ஒரு கதை சொல்வார்கள். பாப் நட்சத்திரம் நோயில் விழுந்தான், ஞானம் பெற்றான், நாட்டார் பாடகனாக எழுந்தான் என்று. அதில் பாதி உண்மை உண்டு. ஆனால் பாடல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அவர் பாட்டெழுதும் முறை அவ்வளவாக மாறவில்லை. குரலைச் சுற்றி எத்தனை வாத்தியம், எந்த உயரத்தில், எப்போது நுழைகிறது என்பதுதான் தலைகீழாக மாறியது. 'ஃபோக்' (நாட்டார் இசை) என்று உலகம் அவருக்கு ஒட்டிய முத்திரை அவர் பாடிய மரபிலிருந்து வந்ததல்ல. பதிவின் ஒலியிலிருந்து வந்தது. அவரது மேடை அடையாளத்தைப் புரிந்துகொள்ள இதுதான் சாவி என்பது என் கருத்து.

உணவகத்துக்கு மேல்மாடி

இயற்பெயர் ஸ்டீவன் டிமீட்ரி ஜார்ஜியு. 1948 ஜூலை 21 அன்று லண்டனில் பிறந்தவர். தந்தை ஸ்டாவ்ரோஸ் சைப்ரஸ் நாட்டுக் கிரேக்கர், தாய் இங்க்ரிட் விக்மன் ஸ்வீடன்காரர். ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவின் வடகோடியில் 'மூலான் ரூஜ்' என்ற உணவகத்தை இருவரும் சேர்ந்து நடத்தினார்கள். குடும்பம் அதன் மேல்மாடியில் குடியிருந்தது. ஸ்டீவனுக்கு எட்டு வயது இருக்கும்போது பெற்றோர் பிரிந்தார்கள். ஆனாலும் கடையை இருவரும் தொடர்ந்து நடத்தினார்கள், மேல்மாடியிலேயே வசித்தார்கள்.

இடம் முக்கியம். நடந்துபோகும் தூரத்தில் லண்டனின் இசை நாடக அரங்குகள். கூப்பிடு தூரத்தில் டென்மார்க் தெரு. அன்றைய பாட்டுப் பதிப்பாளர்களும் சிறு ஸ்டுடியோக்களும் வாத்தியக் கடைகளும் நெருக்கியடித்து நின்ற தெரு அது. வீட்டில் ஒரு பியானோ இருந்தது. கிராமத்துப் பாட்டு, அறுவடைப் பாட்டு, கப்பல் பாட்டு என்று ஆங்கிலேய நாட்டார் மரபு அவர் காதில் விழ அதிக வழியில்லை. விழுந்தவை நாடக மேடைப் பாடல்கள், பீட்டில்ஸ், பாப் டிலன், கறுப்பின ப்ளூஸ் பாடகர்கள், அப்பா வழியில் வந்த கிரேக்கத் தாளங்கள். பீட்டில்ஸைக் கேட்டபின் 15 வயதில் அப்பாவை நச்சரித்து 8 பவுண்டுக்கு ஒரு கிதார் வாங்கிக்கொண்டார்.

இன்னொரு திறமையும் இருந்தது: ஓவியம். தாயின் சகோதரர் ஒரு ஓவியர். தாயோடு சில காலம் ஸ்வீடனில் யேவ்லெ ஊரில் தங்கியபோது அவரைப் பார்த்து வரையத் தொடங்கியவர், பின்னர் ஹாமர்ஸ்மித் கலைப்பள்ளியில் ஓராண்டு படித்தார், கார்ட்டூனிஸ்ட் ஆகலாம் என்றும் எண்ணியிருந்தார். இந்த ஓராண்டுப் படிப்பு வீண்போகவில்லை என்பதைப் பிறகு பார்ப்போம்.

மூன்றெழுத்துப் பெயர்

1965 வாக்கில் மதுக்கடைகளிலும் காபிக் கடைகளிலும் அவர் பாடத் தொடங்கியபோது வைத்துக்கொண்ட பெயர் ஸ்டீவ் ஆடம்ஸ். கிரேக்கப் பெயரை மறைத்து, எந்த ஆங்கிலேயனுக்கும் இருக்கக்கூடிய ஒரு பெயரை அணிந்துகொள்ளும் முயற்சி அது. இதில் ஒரு கோளாறு. மறைப்பதற்காக வைக்கும் பெயர் மறந்தும் போகும். சுவரொட்டியில் பத்துப் பெயர்களுக்கு நடுவே 'ஸ்டீவ் ஆடம்ஸ்' என்று இருந்தால் கண் அதைத் தாண்டிப் போய்விடும்.

அடுத்து வந்த 'கேட்' (ஆங்கிலத்தில் பூனை) வேறு வகை. பூனைக் கண்கள் உனக்கு என்று ஒரு தோழி சொன்னதிலிருந்து அது பிறந்தது. இசைத்தட்டுக் கடைக்குப் போய் "அந்த ஸ்டீவன் டிமீட்ரி ஜார்ஜியு தட்டு இருக்கா?" என்று ஒருவர் கேட்பதைத் தன்னால் கற்பனை செய்யவே முடியவில்லை என்றும், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மக்களுக்கு விலங்குகள் மேல் பிரியம் அதிகம் என்றும் பின்னாளில் அவரே விளக்கியிருக்கிறார். 17, 18 வயதில் ஒருவர் இவ்வளவு தெளிவாக யோசித்திருக்கிறார் என்பது கவனிக்கத்தக்கது. பெயர் ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து, வானொலி அறிவிப்பாளர் வாய் தடுக்காமல் சொல்லலாம், ஒரு படம் மனதில் வந்துவிடும். பின்னொட்டான 'ஸ்டீவன்ஸ்' தன் முதல் பெயரிலிருந்து எடுத்ததுதான். அதனால் நண்பர்கள் கூப்பிடும் 'ஸ்டீவ்' முழுதாக அழிந்துபோகவில்லை.

ஆனால் இந்தப் பெயருக்கென்று ஒரு ஒலி இன்னும் உருவாகவில்லை. முதலில் பெயர், பிறகு பாட்டு, அதற்குப் பிறகே ஒலி. இந்த வரிசைதான் அவரை மூன்றாண்டு அலைக்கழித்தது.

மூன்று மணி நேரத்தில் ஒரு பாட்டு

மைக் ஹர்ஸ்ட் என்ற தயாரிப்பாளர் அவரைக் கண்டெடுத்தார். ஸ்பிரிங்ஃபீல்ட்ஸ் என்ற குழுவில் பாடியிருந்தவர், பாப் சந்தையின் நாடி தெரிந்தவர். டெக்கா நிறுவனம் 1966இல் புதிதாகத் தொடங்கிய டெராம் முத்திரையில் வந்த முதல் சில தட்டுகளில் ஒன்று கேட் ஸ்டீவன்ஸின் 'ஐ லவ் மை டாக்'. பூனை என்று பெயர் வைத்தவரின் முதல் பாட்டு நாயைப் பற்றி. ஞாபகத்தில் நிற்க அதுவும் உதவியது. மெட்டின் அடிப்படை ஜாஸ் கலைஞர் யூசுஃப் லத்தீஃபின் ஒரு பாட்டிலிருந்து வந்தது. அதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டு உரிமைத்தொகையில் பங்கு கொடுத்தார். பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 28ஆம் இடம்.

1967 தொடக்கத்தில் 'மேத்யூ அண்ட் சன்' பாட்டு சிங்கிளாக (ஒற்றைப் பாட்டுத் தட்டாக) வந்து 2ஆம் இடம். அடுத்த சிங்கிள் 6. அதற்கடுத்தது 20. பிறகு 47. ஆண்டின் கடைசியில் வந்த இரண்டாவது ஆல்பமான 'நியூ மாஸ்டர்ஸ்' பிரிட்டனில் பட்டியலுக்குள்ளேயே வரவில்லை. 2, 6, 20, 47 என்று ஒரே ஆண்டுக்குள் நடந்த சரிவு இது.

சரக்கு தீர்ந்துவிட்டதா? இல்லை. இதே நேரத்தில் அவர் எழுதிய ஒரு பாட்டை ட்ரெமலோஸ் குழு பாடி 4ஆம் இடத்துக்குக் கொண்டுபோனது. 30 பவுண்டுக்கு அவர் விற்றதாகச் சொல்லப்படும் 'த ஃபர்ஸ்ட் கட் இஸ் த டீப்பஸ்ட்' பி.பி. ஆர்னால்டின் குரலில் 18ஆம் இடத்தைத் தொட்டது. அதன்பின் அரை நூற்றாண்டாக வேறு வேறு குரல்களில் வென்றுகொண்டே இருக்கிறது. எழுதும் கைக்குப் பஞ்சமில்லை. பாடும் ஆளின் உருவம்தான் கலங்கலாக இருந்தது.

ஏன் கலங்கியது என்பதை அன்றைய பதிவு முறையை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். லண்டனில் ஒரு பதிவு அமர்வு என்றால் மூன்று மணி நேரம். வாத்தியக்காரர்களின் சங்க விதிப்படி நேரம் கடந்தால் கூடுதல் கூலி. எனவே ஸ்டுடியோவுக்குள் யோசிக்க நேரம் கிடையாது. பாடகர் கிதாரோடு பாடிய டெமோ (மாதிரி) நாடா முன்கூட்டியே இசைக்கோர்ப்பாளர் கைக்குப் போகும். அவர் அதைக் கேட்டு ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தாளில் ஸ்வரம் எழுதுவார். அமர்வு நாளில் வாத்தியக்காரர்கள் வந்து, தாளை ஸ்டாண்டில் வைத்து, வாசித்துவிட்டுப் போவார்கள்.

இதில் மூன்று இடங்களில் பாட்டு அடிபடுகிறது. முதலாவது காலப்பிரமாணம். தனியாகக் கிதாரோடு பாடுகிறவர் ஒரு வரியின் கடைசிச் சொல்லை இழுப்பார், அடுத்த வரியைச் சற்று முந்தி எடுப்பார். இருபது பேர் தாளைப் பார்த்து வாசிக்கும்போது அந்த நெகிழ்வுக்கு இடமில்லை, வேகம் இறுகிவிடும். இரண்டாவது தாளக்கட்டு. ஸ்டீவன்ஸ் கிதாரைத் தாள வாத்தியம்போல அடிப்பவர். அவரது வலது கைதான் பாட்டின் துடிப்பு. கோர்ப்பாளர் அந்தத் துடிப்பை எடுத்து ட்ரம்பெட்டுக்கும் டிரம்ஸுக்கும் கொடுத்துவிடுவார், கிதார் வேலையில்லாமல் நிற்கும். மூன்றாவது, மிக முக்கியமானது, குரலின் இடம். அவருக்கு இயல்பாக அழகு சேர்வது கீழ்ப்பகுதியில், பேச்சுக் குரலை ஒட்டிய தடிப்பில். ட்ரம்பெட்டும் வயலின் கூட்டமும் நடுப்பகுதி முழுவதையும் அடைத்துக்கொண்டால் அந்தத் தடிப்பு கேட்காது. கேட்க வேண்டுமானால் மேலே ஏறிச் சத்தமாகப் பாடியாக வேண்டும். நான்கு தடப் பதிவுக் கருவியில் பல வாத்தியங்கள் ஒரே தடத்தில் சேர்ந்து பதிவாகிவிட்டால், பிறகு பிரித்து அவற்றைத் தணிக்கவும் முடியாது.

அந்தத் தட்டுகள் மோசமானவை என்று நான் சொல்லவில்லை. 'மேத்யூ அண்ட் சன்' இன்று கேட்டாலும் துள்ளுகிறது. அலுவலகத்தில் உழைத்துத் தேயும் மனிதர்களைப் பற்றிய அந்தப் பாட்டுக்கு இயந்திரம்போல் இறுகிய தாளம் பொருந்தவும் செய்கிறது. சிக்கல் அதே சட்டையை எல்லாப் பாட்டுக்கும் மாட்டியதில்தான்.

மேடையிலும் இதே கதை. 1967 மார்ச் 31 அன்று லண்டன் ஃபின்ஸ்பரி பார்க் அஸ்டோரியாவில் தொடங்கிய சுற்றுப்பயணத்தில் வாக்கர் பிரதர்ஸ், எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க், ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், கேட் ஸ்டீவன்ஸ் எல்லோரும் ஒரே பட்டியலில் இருந்தார்கள். ஹெண்ட்ரிக்ஸ் முதன்முதலாகக் கிதாருக்குத் தீ வைத்தது அந்த இரவில்தான். இத்தகைய கூட்டு நிகழ்ச்சிகளில் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சில பாடல்களுக்கான நேரம். வந்து, ஹிட் பாட்டைப் பாடி, இறங்க வேண்டும். ஒருபுறம் காதல் பாட்டுக்கு உருகும் தாய்மார்கள், மறுபுறம் தீயைப் பார்த்து வாய்பிளக்கும் இளைஞர்கள். நடுவில் நிற்பவர் யார் என்று கூட்டத்துக்குத் தெரிய வழியே இல்லை.

நோய், நாடா, ஒரு தந்திரம்

இருபது வயதை ஒட்டி அவருக்குக் காசநோய் வந்தது. உயிருக்கே ஆபத்து என்ற அளவுக்கு. சசெக்ஸில் மிட்ஹர்ஸ்ட் ஊரிலுள்ள கிங் எட்வர்ட் VII மருத்துவமனையில் சில மாதங்கள், பிறகு வீட்டில் ஓராண்டு ஓய்வு. தியானம், யோகா, சைவ உணவு, மதங்களைப் பற்றிய வாசிப்பு, தாடி எல்லாம் இந்தக் காலத்தில் வந்தவை. அவற்றைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது.

தொழில் கோணத்தில் முக்கியமானது வேறொன்று. வீட்டில் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. கோர்ப்பாளரும் இல்லை, மூன்று மணி நேரக் கெடுவும் இல்லை. தன் குரலும் கிதாரும் மட்டும் சேர்ந்தால் எப்படி ஒலிக்கும் என்பதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கும் வாய்ப்பு அவருக்கு முதன்முதலாகக் கிடைத்தது. 40 பாடல்கள் வரை எழுதினார் என்கிறார்கள். அவற்றைவிட, எழுதிய அன்றே அவற்றைத் தன் காதால் கேட்டதுதான் பெரிய பலன். இதுவரை அவரது பாட்டின் கடைசி வடிவத்தை முடிவு செய்தது வேறொருவரின் தாள். இப்போது டெமோவே அளவுகோல் ஆயிற்று.

பழைய ஒப்பந்தம் இன்னும் கழுத்தில் கிடந்தது. அதிலிருந்து அவர் வெளியே வந்த விதம் அருமையானது. அடுத்த பதிவுக்கு நிறுவனம் தாங்கவே முடியாத செலவில் பெரிய இசைக்குழு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார், வழக்குப் போடுவேன் என்றும் மிரட்டினார். நிறுவனம் அவரை விடுவித்தது. எந்த ஆர்க்கெஸ்ட்ராவிடமிருந்து தப்பிக்க நினைத்தாரோ அதையே கேட்டுத் தப்பித்தார். பின்னர் முகவர் பாரி க்ரோஸ்ட் மூலம் ஐலண்ட் நிறுவனத்தின் கிறிஸ் பிளாக்வெல்லிடம் போனார். பிளாக்வெல், விரும்பியதை விரும்பியபடி பதிவு செய்ய இடம் கொடுத்தார்.

இரண்டு கிதார்களின் கணக்கு

தயாரிப்பாளராக வந்தவர் பால் சாம்வெல்-ஸ்மித், யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பழைய பாஸ் வாசிப்பாளர். இரண்டாவது கிதாருக்கு அவர் அழைத்துவந்தவர் ஆலன் டேவிஸ். ஒரு ஆல்பத்துக்கென்று வந்த டேவிஸ், ஆண்டுக்கணக்கில் கூடவே இருந்துவிட்டார். 'கேட் ஸ்டீவன்ஸ் ஒலி' என்று நாம் இன்று அடையாளம் காண்பது உண்மையில் இந்த இருவரின் கிதார்கள் சேர்ந்து எழுப்பும் ஒலி. ஸ்டீவன்ஸ் பிற்காலத்தில் பிரபலமாக்கிய கறுப்பு நிற கிப்சன் எவர்லி பிரதர்ஸ் கிதார், இருபுறமும் பெரிய தகடு பதித்தது, ஓங்கி அடித்து வாசிக்கவென்றே செய்ததுபோல் இருக்கும்.

இரண்டு அக்கூஸ்டிக் கிதார்களைச் சேர்த்து வாசிப்பதில் எல்லோரும் செய்யும் முதல் தவறு, இருவரும் ஒரே இடத்தில் ஒரே கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டை) பிடிப்பது. இருவரும் ஜி கார்டைத் திறந்த நிலையில் பிடித்து அடித்தால் சத்தம் கூடாது, சேறாகும். இரண்டு கிதார்களின் கீழ்-நடுப்பகுதியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, தடித்த ஆண் குரல் உட்கார வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும். பாடுபவர் உடனே குரலை உயர்த்துவார். ட்ரம்பெட் செய்த வேலையைக் கிதாரே செய்துவிடும்.

சரியான வழி பிரித்துக்கொள்வது. ஒருவர் கீழே திறந்த நிலையில் ஜி பிடித்து அடிப்பார். மற்றவர் ஐந்தாவது ஃப்ரெட்டில் (கிதார் கழுத்தின் குறுக்குக் கம்பியில்) கேப்போ என்ற தந்திகளை அழுத்தும் கவ்வியை மாட்டி டி வடிவத்தைப் பிடிப்பார். வெளியே ஒலிப்பது அதே ஜிதான், ஆனால் மேலே மணிபோல் ஒலிக்கும். ஏழாவது ஃப்ரெட்டில் மாட்டினால் சி வடிவம் போதும். ஒருவர் அடிக்கும்போது மற்றவர் விரலால் மீட்ட வேண்டும். கேப்போ மாட்டியதும் தந்திகள் சற்றே சுருதி கூடிவிடும். மாட்டிய பிறகு மீண்டும் சுருதி சேர்க்காவிட்டால் இரண்டு கிதார்களும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கும். நடுவில் விடப்பட்ட அந்தக் காலி இடத்தில் குரல் எந்தச் சிரமமும் இல்லாமல் வந்து உட்காரும்.

1970 ஏப்ரலில் வந்த 'மோனா போன் ஜேக்கன்' ஆல்பத்தில் இந்தக் கட்டமைப்பு தெளிவாகத் தெரிகிறது. டபுள் பாஸ், மெல்லிய தாளம், ஒரு பாட்டில் பீட்டர் கேப்ரியலின் புல்லாங்குழல், பெரும்பாலும் அவ்வளவுதான். அதில் பழைய வாழ்க்கையையே பொருளாக்கிய 'பாப் ஸ்டார்' என்ற பாட்டும் உண்டு. அதிலிருந்து வந்த சிங்கிளான 'லேடி டார்பன்வில்' பிரிட்டனில் 8ஆம் இடம் பிடித்தது. வயலின்கள் முற்றாக ஒழிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 'டில்லர்மே'னில் டெல் நியூமன் எழுதிய வயலின் பகுதிகள் சில பாடல்களில் வருகின்றன. ஆனால் அவை இப்போது பாட்டின் எலும்பு அல்ல. பாட்டு தன் காலில் நின்றபின் வந்து சேர்ந்துகொள்பவை.

இதில் நாட்டுப்புறம் எங்கே?

'டில்லர்மேன்' ஆல்பத்தின் புகழ்பெற்ற 'வைல்ட் வேர்ல்ட்' பாட்டின் கார்டுகளை எடுத்துக்கொள்வோம். சரணத்தில் ஏ மைனர், டி7, ஜி, சி, எஃப் என்று போய், டி மைனர் வழியாக ஈயில் நிற்கும். முதல் ஐந்தையும் கவனியுங்கள். ஒவ்வொன்றையும் ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் அடுத்தது அதன் மத்யமத்தில் போய் விழும். ஏக்கு மத்யமம் டி, டிக்கு ஜி, ஜிக்கு சி, சிக்கு எஃப். இது மூன்று கார்டுகளில் முடிந்துபோகும் நாட்டார் பாட்டின் போக்கல்ல. நாடக மேடைப் பாட்டுக்காரர்களும் ஜாஸ்காரர்களும் காலங்காலமாகப் புழங்கிய சுழற்சி. ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவின் சொத்து. அதையே ஒரு வயலின் கூட்டத்துக்குக் கொடுத்திருந்தால் காதல் நாடகப் பாட்டாகியிருக்கும். நைலான் தந்தியும் எஃகுத் தந்தியும் மீட்டும்போது 'ஃபோக்' ஆகிறது. அவர் அந்தப் பாட்டைப் பிரிட்டனில் தன் சிங்கிளாக வெளியிடவில்லை. ஜிம்மி கிளிஃப் ரெக்கே தாளத்தில் பாடியதைத் தானே தயாரித்துக் கொடுத்தார், அது 8ஆம் இடம் போனது. எந்தச் சட்டையும் பொருந்தும் உடம்பு அந்தப் பாட்டுக்கு.

'ஃபாதர் அண்ட் சன்' நேரடியாகவே நாடகத்திலிருந்து வந்தது. ரஷ்யப் புரட்சிக் காலத்தில் நடக்கும் ஓர் இசை நாடகத்தை நடிகர் நைஜல் ஹாதோர்னோடு சேர்ந்து உருவாக்கத் திட்டமிட்டிருந்தார். புரட்சிக்குப் போகத் துடிக்கும் மகன், நிலத்தோடு இரு என்னும் தந்தை. நாடகம் நின்றுபோனது, பாட்டு தங்கியது. அதன் உத்தி எளிமையானது, ஆனால் துல்லியமானது. மெட்டு ஏறத்தாழ ஒன்றுதான். தந்தையின் வரிகள் கீழ் ஸ்தாயியில், அவசரமில்லாமல் வரும். மகனின் வரிகள் அதே மெட்டில் மேல் ஸ்தாயியில், தொண்டை இறுகிய ஒலியில் வரும். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கவே இல்லை என்பதை வார்த்தை ஒன்றும் இல்லாமல் மெட்டே சொல்லிவிடுகிறது.

இந்தப் பாட்டை மேடையில் பாடுபவர்கள் பெரும்பாலும் இடறுவது சுருதி தேர்வில்தான். மகனின் பகுதி வசதியாக இருக்கட்டும் என்று சுருதியை இறக்கினால் தந்தையின் வரிகள் முணுமுணுப்பாகி மைக்கில் விழாமல் போகும். தந்தைக்காக ஏற்றினால் மகன் கத்துவான். முதலில் தந்தையின் மிகக் கீழான ஸ்வரத்தைப் பாடிப் பார்த்து, அது காற்றாகாமல் தெளிவாக நிற்கும் சுருதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மகனின் குரலில் கொஞ்சம் சிரமம் தெரிந்தால் பாதகமில்லை. அந்தச் சிரமத்தைப் பாட்டே கேட்கிறது. இன்னொரு தவறு, முதல் வரியிலேயே டிரம்ஸையும் கீபோர்டையும் கொண்டுவந்து சேர்ப்பது. இவை குறைவிலிருந்து வளரும்படி கட்டப்பட்ட பாடல்கள். தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் மகன் நுழையும் இடத்தில் ஏற ஏணி இருக்காது.

உண்மையான நாட்டார் இழை என்றால் 1971இல் வந்த 'டீசர் அண்ட் த ஃபயர்கேட்' ஆல்பத்தில் இரண்டு இடங்களைக் காட்டலாம். 'ரூபிலவ்' பாட்டில் பூசூகி என்ற கிரேக்கத் தந்தி வாத்தியம் ஒலிக்கிறது, சில வரிகள் கிரேக்க மொழியிலேயே வருகின்றன. தாளம் ஏழு எண்ணிக்கை. கிரேக்கர்களின் கலமத்தியானோஸ் நடனம் 3+2+2 என்று போகும் அதே ஏழு. மிஸ்ர சாபு கேட்டு வளர்ந்த காதுக்கு 'தகிட தக திமி' என்று உடனே கைதட்ட வரும். மேற்கத்திய பாப் காதுக்குத் தடுமாறும் இந்த எண்ணிக்கை, சாப்பாட்டுக் கடைக்கு மேலே கிரேக்க இசை கேட்டு வளர்ந்தவருக்கு இயல்பு. ஸ்டீவ் ஆடம்ஸ் என்ற பெயருக்குப் பின்னால் ஒளித்துவைத்த ஜார்ஜியு இங்கே வெளிப்படையாக வந்து நிற்கிறார்.

இன்னொன்று 'மார்னிங் ஹாஸ் ப்ரோக்கன்'. மெட்டு ஸ்காட்லாந்தின் மல் தீவிலுள்ள புனெஸன் என்ற ஊரின் பெயரைத் தாங்கிய பழைய கேலிக் மொழி மெட்டு. சொற்கள் எலினர் ஃபார்ஜன் 1931இல் எழுதியவை. தேவாலயத்தில் பாடும் வடிவில் அது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தட்டுக்கு மூன்று நிமிடமாவது வேண்டும். பியானோ வாசிக்க வந்த ரிக் வேக்மன் முன்னிசையும் இடையிசையும் சேர்த்தார், சுருதியை டியிலிருந்து சிக்கும் திரும்ப மேலேயும் நகர்த்தும் பாலங்கள் கட்டினார். கேட்பவருக்கு அதே மெட்டு திரும்ப வருவது அலுக்காததற்கு அந்தச் சுருதி மாற்றங்களே காரணம். அமெரிக்காவில் அது 6ஆம் இடம் வரை போயிற்று. அவர் எழுதாத பாட்டில் கிடைத்த இந்தப் பெரிய வெற்றி, உண்மையிலேயே நாட்டார் மெட்டாக அமைந்தது.

முகம் மறைந்த உறைகள்

'மேத்யூ அண்ட் சன்' உறையில் இருப்பது பையனின் முகம். பாப் சந்தையின் சட்டம் அது: முகத்தை விற்க வேண்டும். 1970, 1971இல் வந்த உறைகளில் அவர் முகம் இல்லை, அவர் கை இருக்கிறது. 'மோனா போன் ஜேக்கன்' உறையில் கண்ணீர் விடும் ஒரு குப்பைத்தொட்டி. 'டில்லர்மேன்' உறையில் செந்தாடிக்காரர் ஒருவர் மேசையில் தேநீரோடு உட்கார்ந்திருக்க, பக்கத்தில் மரமேறி விளையாடும் குழந்தைகள். 'டீசர்' உறையில் உயரத் தொப்பி அணிந்த சிறுவனும் ஒரு பூனையும். எல்லாம் அவரே வரைந்தவை. கலைப்பள்ளியில் கழித்த ஓராண்டு இங்கே வேலை செய்கிறது. தோழியின் ஒரு சொல்லிலிருந்து வந்த 'பூனை' மெல்ல ஒரு சித்திரக் கதை மாந்தராக மாறி, பாடகரின் முகத்துக்குப் பதிலாக நிற்கத் தொடங்கியது.

1971இன் மேடைக் காட்சிகளிலும் அதே சிக்கனம். அவர் உட்கார்ந்தே பாடுகிறார், பக்கத்தில் டேவிஸ். உட்கார்ந்து வாசிப்பதில் நடைமுறைப் பலனும் உண்டு. கிதார் ஒலியைப் பிடிக்க முன்னால் ஒரு மைக் நிற்கும். நின்று அசைந்துகொண்டே வாசித்தால் கிதார் அந்த மைக்கை விட்டு விலகி விலகி, ஒலி ஏறி இறங்கும்.

பெயரை ஏன் அப்போது மாற்றவில்லை? பிரிட்டனில் அந்தப் பெயருக்கு ஒரு பழைய பாப் பையனின் வாசனை ஒட்டியிருந்தது. 'டில்லர்மேன்' அங்கே 20ஆம் இடத்தோடு நின்றது. ஆனால் அமெரிக்காவில் 1967இன் தட்டுகள் முதல் 100க்குள் வரவே இல்லை. அங்கே கேட் ஸ்டீவன்ஸ் என்றால் தாடியும் கிதாருமாக வந்த ஒரு புதியவர்தான். அதே ஆல்பம் அங்கே 8ஆம் இடம், 'வைல்ட் வேர்ல்ட்' 11ஆம் இடம். பழைய பெயர் ஒரு கரையில் சுமை, மறு கரையில் வெற்றுத்தாள். அமெரிக்க வெற்றி திரும்ப இங்கிலாந்துக்கு வந்தபோது பழைய வாசனை மங்கியிருந்தது.

அந்தப் பெயரை அவர் விட்டது பின்னர், வேறு காரணத்துக்காக. 1977இல் இஸ்லாத்தைத் தழுவி, அடுத்த ஆண்டு யூசுஃப் இஸ்லாம் ஆனார். 1979க்குப் பிறகு நெடுங்காலம் பாப் மேடையில் ஏறவில்லை. 2006இல் 'யூசுஃப்' என்ற பெயரில் திரும்பினார். 2017இல் வந்த 'த லாஃபிங் ஆப்பிள்' ஆல்பத்தின் உறையில் யூசுஃப், கேட் ஸ்டீவன்ஸ் என இரண்டு பெயர்களும் இருந்தன. தயாரிப்பில் மீண்டும் சாம்வெல்-ஸ்மித். யாரும் வாங்காத 'நியூ மாஸ்டர்ஸ்' ஆல்பத்தின் நான்கு பாடல்களை, தலைப்புப் பாட்டு உட்பட, இம்முறை 1970இன் முறையில் பதிவு செய்திருக்கிறார்கள். 50 ஆண்டு இடைவெளியில் ஒரே பாட்டின் இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். மெட்டில் பெரிய மாற்றமில்லை. முதல் பதிவில் வாத்தியங்கள் நிறைத்துவைத்த இடத்தில், இரண்டாவதில் குரல் இருக்கிறது.

2020இல் வந்த தட்டுக்காக 'டில்லர்மேன்' ஆல்பத்தை முழுவதும் மறுபடி பதிவு செய்தபோது 'ஃபாதர் அண்ட் சன்' மட்டும் ஒரு கேள்வியை எழுப்பியது. எழுபதைத் தாண்டிய வயதில் மகனின் வரிகளை யார் பாடுவது? 1970இல் லாஸ் ஏஞ்சலிஸ் ட்ரூபடூர் அரங்கில் அவர் பாடிய நேரடிப் பதிவிலிருந்து மகனின் வரிகளை எடுத்துச் சேர்த்தார்கள். தந்தையின் வரிகளை யூசுஃப் புதிதாகப் பாடினார். கீழ் ஸ்தாயியில் யூசுஃப், மேல் ஸ்தாயியில் 22 வயது கேட் ஸ்டீவன்ஸ்.